உடற்காரணம் புலப்படாத தூக்கக் கோளாறுகள்: கண்டறிவதும் கேஸ் ஷீட்டில் பதிவதும்

மனநலப் புறநோயாளர் பிரிவில் புதிதாகப் பணியில் சேரும் மருத்துவரின் காதில் முதல் வாரத்திலேயே திரும்பத் திரும்ப விழும் புகார் "தூக்கம் வரலை" என்பதுதான். அதைக் கேட்ட மாத்திரத்தில் ஓ.பி. சீட்டில் "தூக்கமின்மை" என்று ஒரு சொல்லை எழுதி, அதன் கீழ் ஒரு தூக்க மாத்திரையையும் எழுதி அனுப்புவது எளிது; வரிசை வாசல் வரை நீளும் காலை நேரத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் மூன்று மாதம் கழித்து அதே சீட்டை வேறொரு மருத்துவர் கையில் எடுக்கும்போது, முன்பு பார்த்தவர் எதைக் கேட்டார், எதை விலக்கினார், எதை வைத்து உடலில் காரணம் இல்லை என்று முடிவுசெய்தார் என்பதற்கு அதில் எந்தத் தடயமும் இருப்பதில்லை. அவர் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது, அல்லது எதையும் கேட்காமல் அதே மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கிறது.

மனநலப் பிரிவில் சேர்ந்திருக்கும் பயிற்சி மருத்துவர்கள், முதுநிலை மாணவர்கள், மருத்துவ உளவியலாளர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்ட வழிகாட்டி இது. இதில் நான் வலியுறுத்துவது ஒன்றே: "உடற்காரணம் இல்லை" என்பது இரத்தப் பரிசோதனைகள் சரியாக வந்துவிட்டதால் தானாக வந்து சேரும் முடிவு அன்று. உடல்நோய்களை முறையாக விலக்கியிருக்க வேண்டும். அதோடு, அந்தக் கோளாறுக்கே உரிய அடையாளங்கள் நோயாளியிடம் இருப்பதையும் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த நோயறிதல் வெறும் ஊகமாகவே நிற்கும்.

எந்தப் பகுப்பைக் கையாள்கிறோம்

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பகுப்பில் இக்கோளாறுகள் மன, நடத்தைக் கோளாறுகளுக்கான ஐந்தாம் அத்தியாயத்தில் எஃப்51 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. எஃப்51.0 தூக்கமின்மை, எஃப்51.1 மிகைத் தூக்கம், எஃப்51.2 தூக்க, விழிப்பு நேரம் பிறழ்தல், எஃப்51.3 தூக்கத்தில் நடத்தல், எஃப்51.4 தூக்கத்தில் அலறி எழும் பீதி; எஃப்51.5 கொடுங்கனவு. உடல் சார்ந்த காரணமுள்ள தூக்கக் கோளாறுகளான மூச்சுத்தடை (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பது), நார்கோலெப்சி (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் தாக்கும் நரம்பு நோய்) போன்றவை நரம்பு மண்டல அத்தியாயத்தில் ஜி47 என்ற எண்ணின் கீழ் உள்ளன. ஆகவே எஃப்51 என்று எழுதும்போது, ஜி47 அன்று என்று தீர்ப்பு வழங்குவதாகவே பொருள். அந்தத் தீர்ப்புக்கான காரணத்தைச் சீட்டில் காட்டும் பொறுப்பு எழுதியவருடையது.

உடல் சார்ந்தது, சாராதது என்ற இந்தப் பிரிவினையே இப்போது பெருமளவு கைவிடப்பட்டுவிட்டது. ஒரு நோயோடு சேர்ந்து வரும் தூக்கமின்மையை "இரண்டாம் நிலை" என்று அழைக்காமல் "உடன்நிகழ்வது" என்று அழைப்பதே பொருத்தம் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2005இல் கூட்டிய அறிவியல் மாநாடு கருத்துத் தெரிவித்தது. 2013இல் வந்த, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 முதன்மைத் தூக்கமின்மை என்ற பெயரை நீக்கியது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, தூக்க, விழிப்புக் கோளாறுகள் அனைத்தையும் மனநோய் அத்தியாயத்துக்கும் நரம்பியல் அத்தியாயத்துக்கும் இடையே ஏழாம் அத்தியாயமாகத் தனியே அமைத்தது. அதில் நாட்பட்ட தூக்கமின்மைக்கு 7ஏ00, குறுகிய காலத் தூக்கமின்மைக்கு 7ஏ01 என்பன எண்கள். இந்த மாற்றம் சரியானது என்றே கருதுகிறேன். மூட்டுவலியால் தூக்கம் கெட்ட ஒருவருக்கு வலி குறைந்த பின்னும் தூக்கம் திரும்பாமல் இருப்பதைப் பார்த்த எவரும் காரணத்தை ஒரே பெட்டிக்குள் அடைக்கத் தயங்குவர். இருந்தும் பல மருத்துவமனைகளின் பதிவேடுகளும் கணினி மென்பொருள்களும் இன்னும் ஐசிடி-10 எண்களையே கேட்கின்றன. எந்தப் பதிப்பின்படி எழுதுகிறோம் என்பதை எண்ணுக்கு அருகிலேயே குறித்துவிட்டால் குழப்பம் வராது.

கால அளவிலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எஃப்51.0 என்று எழுத, வாரத்துக்குக் குறைந்தது மூன்று முறை, குறைந்தது ஒரு மாதம் என்று ஐசிடி-10 கேட்கிறது. டிஎஸ்எம்-5 வாரத்தில் மூன்று இரவு என்பதை வைத்துக்கொண்டு, காலத்தை மூன்று மாதமாக உயர்த்தியது. ஐசிடி-11இன் நாட்பட்ட தூக்கமின்மைக்கும் மூன்று மாதமே அளவு. எனவே "சில நாளாக", "ரொம்ப காலமாக" என்ற சொற்கள் சீட்டில் இருந்தால் எந்தப் பகுப்பின்படியும் முடிவுக்கு வர இயலாது.

முதல் படி: புகாரைப் பிரித்தறிதல்

"தூக்கம் சரியில்லை" என்று வருபவர் நான்கில் ஒன்றைச் சொல்கிறார்: தூங்க முடியவில்லை, பகலிலும் தூக்கம் விடவில்லை, வேண்டாத நேரத்தில் தூக்கம் வருகிறது, தூக்கத்தில் ஏதோ நடக்கிறது. எது என்று தெளிவான பிறகே அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். இதில் புதியவர்கள் அடிக்கடி தவறவிடுவது அசதிக்கும் தூக்கக் கலக்கத்துக்கும் உள்ள வேறுபாடு. "பகலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பவரிடம், மதியம் படுத்தால் தூக்கம் வருமா என்று கேளுங்கள். வராது என்றால் அது அசதி. தூக்கமின்மையோடும் மனச்சோர்வோடும் இரத்தசோகையோடும் அது ஒத்துப்போகும். பேருந்தில் உட்கார்ந்தவுடன், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது என்றால் அது தூக்கக் கலக்கம். அங்கே மூச்சுத்தடையைத் தேடாமல் விடக்கூடாது.

கேள்விகளை ஓர் இரவை மட்டும் வைத்துக் கேட்காமல் இருபத்து நான்கு மணி நேரத்தையும் வைத்துக் கேட்க வேண்டும். "நல்லா தூங்குறீங்களா?" என்ற கேள்வியால் பயனில்லை, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நேற்றைய இரவைக் கேட்க வேண்டும். அறுபதைக் கடந்த ஓர் அம்மாளிடம் உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்:

"நேத்து ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்கம்மா?"

"எட்டரைக்கே படுத்துடுவேன் சார். சாப்பிட்டா வேற என்ன வேலை?"

"எப்போ கண்ணசந்தீங்க?"

"ஒன்பது இருக்கும். மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது. அப்புறம் பொட்டுத் தூக்கம் கிடையாது."

"மத்தியானம்?"

"சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுப்பேன்."

இவர் ஒன்பதிலிருந்து மூன்று வரை ஆறு மணி நேரமும், மதியம் ஒரு மணி நேரமும் தூங்குகிறார். வீடே அடங்கிக் கிடக்கும் வேளையில் விழிப்பு வந்துவிடுவதுதான் அவருடைய துன்பம். மாத்திரை கொடுத்தால் மூன்று மணி நான்காகலாம்; கூடவே இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியவும் கூடும். படுக்கைக்குப் போகும் நேரத்தைப் பத்துக்குத் தள்ளுவதும் மதியத் தூக்கத்தைக் குறைப்பதுமே அவருக்கான மருத்துவம். அதேசமயம், வழக்கமான நேரத்துக்கு இரண்டு மணி நேரம் அல்லது அதற்கும் முன்பாகவே விழித்துக்கொள்வது மனச்சோர்வின் உடல்சார் அறிகுறிகளில் ஒன்று; எட்டரைக்குப் படுப்பது இப்போதுதான் தொடங்கியதா, காலையில் மனம் கனத்திருக்கிறதா என்று கேட்காமல் இவரை அனுப்பிவிடக்கூடாது.

நோயாளியோடு ஒரே அறையில் தூங்குபவரை உள்ளே அழைத்துக் கேட்பது கட்டாயம். குறட்டை, மூச்சு நின்று திணறல், கால் உதறல், தூக்கத்தில் பேச்சு, எழுந்து நடத்தல் ஆகிய எதையும் தூங்குபவர் அறியமாட்டார். யாரிடமிருந்து தகவல் பெறப்பட்டது என்பதையும் எழுத வேண்டும்: "குறட்டை இல்லை" என்பதும் "குறட்டை இல்லை (மனைவி கூற்று)" என்பதும் ஒரே மதிப்புடையவை அல்ல. தனியே வசிப்பவர் என்றால் "கூடத் தூங்குபவர் எவருமில்லை, அறிய இயலவில்லை" என்று எழுதுங்கள்.

இரண்டாம் படி: விலக்க வேண்டியவற்றை விலக்குதல்

இந்தக் கட்டத்தில்தான் அதிக நேரம் செலவாக வேண்டும். மூச்சுத்தடையில் தொடங்கலாம். ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விகள் கொண்ட வடிகட்டிப் பட்டியலுக்கு ஓர் அளவு நாடாவும் எடைக் கருவியும் இரத்த அழுத்தக் கருவியும் போதும்: உரத்த குறட்டை, பகல் அசதி, மூச்சு நின்றதைப் பிறர் பார்த்தது, உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன், ஐம்பதைத் தாண்டிய வயது, கழுத்துச் சுற்றளவு, ஆண்பால். மூன்று அல்லது நான்கு வந்தால் நடுத்தர ஆபத்து, ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் உயர் ஆபத்து. நடு இரவில் அடிக்கடி விழிப்பதாகவும் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதாகவும் சொல்லி, தூக்கமின்மை என்ற பெயரிலேயே மூச்சுத்தடை நோயாளிகள் வருவதுண்டு. அவர்களுக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் மூச்சுத் திணறல் மேலும் கூடலாம்.

அடுத்தது கால். "ராத்திரி படுத்தா கால் உளையுது, நீட்டி மடக்கணும் போல இருக்கு, எழுந்து நடந்தா தேவலை" என்று சொல்பவருக்கு இருப்பது அமைதியற்ற கால் நோய்க்குறி. ஓய்வில் கூடுதல், அசைத்தால் குறைதல், மாலையிலும் இரவிலும் மிகுதல் என்ற மூன்றும் சேர்ந்து வர வேண்டும். இதற்கும் உடலின் இரும்புச்சத்துக்கும் தொடர்புண்டு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும், அது லிட்டருக்கு 75 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பதைப் பரிசீலிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அந்த நிலையில், கால் உளைச்சல் பற்றிக் கேட்காமலேயே ஒரு பெண்ணுக்கு எஃப்51.0 எழுதுவதை அலட்சியம் என்றே சொல்வேன்.

மற்ற உடல்நோய்களை ஒரு வரிசையில் கேட்டு முடிக்கலாம்: தைராய்டு மிகைச்சுரப்பு, இரவில் மூச்சிரைத்து எழ வைக்கும் இதயச் செயலிழப்பு, ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், சர்க்கரை நோயாலும் புராஸ்டேட் வீக்கத்தாலும் அடிக்கடி சிறுநீர், நாட்பட்ட வலி, அரிப்பு, மாதவிடாய் நிற்கும் காலத்தின் உடல் வெப்பப் பொங்கல். மருந்துகளை வாயால் கேட்டால் மட்டும் போதாது. மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். மாலையில் விழுங்கும் ஸ்டீராய்டு, சல்பூட்டமால், தியோபிலின், சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை, இரவில் எடுக்கும் நீரிறக்கி, ஃப்ளூவாக்செட்டின் ஆகியவை தூக்கத்தைக் கெடுக்கக்கூடும். புரோப்ரனலால் கொடுங்கனவு தரலாம். எந்த மருந்து என்பதோடு எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள், பல நேரங்களில் நேரத்தை மாற்றினாலே போதும். காஃபின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஆறரைக்குக் குடித்த காபியின் பாதி இரவு பதினொன்றரைக்கும் உள்ளேதான் இருக்கிறது. பீடி, சிகரெட், வாயில் ஒதுக்கும் புகையிலை, மது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும், "கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?" என்று மொத்தமாகக் கேட்டால் "இல்லை" என்ற பதிலே வரும். மதுவை அண்மையில் நிறுத்தியவருக்கு வாரக்கணக்கில் தூக்கம் கெட்டிருக்கும்.

பிறகு மனநோய்கள். மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல், உளச்சிதைவு எல்லாவற்றிலும் தூக்கம் கெடும். மனவெழுச்சி நோயில் கேள்வியே வேறு: மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல் உற்சாகமாக இருக்கிறார் என்றால் அவருக்குத் தூக்கம் வராமல் இல்லை, தூக்கத்தின் தேவை குறைந்திருக்கிறது. தூக்கமின்மை தற்கொலைக்கான அறியப்பட்ட ஆபத்துக் காரணிகளுள் ஒன்று; ஆகவே தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டு, கேட்டதையும் பதிலையும் பதிய வேண்டும். தூக்கப் புகார் மட்டும்தானே என்று இதை விட்டுவிட இடமில்லை.

பரிசோதனைகளைப் பொறுத்தவரை எல்லோருக்கும் எல்லாம் எழுதத் தேவையில்லை. வரலாற்றில் தடயம் இருந்தால் இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு. இரவு முழுதும் கம்பிகளைப் பொருத்திப் பதியும் பாலிசோம்னோகிராபி, வழக்கமான தூக்கமின்மைக்குத் தேவையில்லை என்பதே ஏற்கப்பட்ட நிலைப்பாடு. மூச்சுத்தடை, தூக்கத்தில் அடிதடி, விளக்க முடியாத பகல் தூக்கம் ஆகியவற்றில் ஐயம் எழுந்தால் அனுப்ப வேண்டும்.

மூன்றாம் படி: இரண்டு வாரத் தூக்க நாட்குறிப்பு

நோயாளி முதல்முறை சொல்லும் மணிக்கணக்கை நம்பி முடிவெடுக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒரு நாட்குறிப்பை எழுதிவரச் சொல்வது நல்லது. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். படுத்த நேரம், விளக்கணைத்த நேரம், தூங்கியதாக நினைக்கும் நேரம், இடையில் விழித்திருந்த மொத்த நிமிடம், கடைசியாக விழித்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி, மது, மாத்திரை, இவ்வளவே. இரவில் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது, காலையில் எழுந்ததும் உத்தேசமாக எழுதினால் போதும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். இல்லையெனில் நாட்குறிப்பே விழிப்புக்குக் காரணமாகிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.

அதைப் படிக்கும் முறைக்கு ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்குப் படுக்கிறார், 11.45க்குத் தூங்குகிறார், இடையில் ஒரு மணி நேரம் விழித்திருக்கிறார், 5 மணிக்குக் கடைசியாக விழித்து, 6.30 வரை புரண்டுகொண்டிருந்துவிட்டு எழுகிறார். படுக்கையில் இருந்தது 510 நிமிடம். 11.45 முதல் 5 வரையுள்ள 315 நிமிடத்தில் இடை விழிப்பு 60ஐக் கழித்தால் தூங்கியது 255 நிமிடம். 255ஐ 510ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் தூக்கத் திறன் 50 சதவீதம். பொதுவாக 85 சதவீதத்துக்கு மேல் இருப்பதை நல்ல தூக்கமாகக் கொள்வர். இந்தக் கணக்கு நோயறிதலுக்கு உதவுவதோடு, படுக்கை நேரத்தைக் குறைக்கும் நடத்தைச் சிகிச்சைக்கும் தொடக்கப் புள்ளியாக அமைகிறது. பின்னால் முன்னேற்றத்தை ஒப்பிடுவதற்கும் இதுவே அளவுகோல்.

அளவீட்டுப் படிவங்களில் இரண்டு போதும். தூக்கமின்மைத் தீவிரக் குறியீட்டில் ஏழு கேள்விகள், மொத்தம் 28. 15 முதல் 21 வரை நடுத்தரம், 22ம் அதற்கு மேலும் கடுமை. 1991இல் மெல்போர்னின் முர்ரே ஜான்ஸ் வெளியிட்ட எப்வொர்த் படிவம் பகல் தூக்கத்தை அளக்கிறது: எட்டுச் சூழல்கள், மொத்தம் 24, பத்தைத் தாண்டினால் மிகை. அதில் ஒரு கேள்வி கார் சாலையில் நிற்கும்போது கண்ணயர்வது பற்றியது. காரில் போகாதவரிடம் அதை எப்படிக் கேட்டீர்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். மதிப்பெண் துணைச்சான்று மட்டுமே, அதை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது.

நான்காம் படி: உரிய அடையாளங்களைத் தேடுதல்

உடற்காரணமற்ற தூக்கமின்மையின் மைய அடையாளம், தூக்கம் குறைந்திருப்பதைக் காட்டிலும், தூக்கத்தைப் பற்றிய கவலை நாள் முழுதும் ஆட்டிப்படைப்பது. தூங்காமை பற்றியும் அதன் விளைவுகள் பற்றியும் இரவும் பகலும் மிகையான கவலை இருக்க வேண்டும், அது கடும் துயரத்தையோ வேலையிலும் உறவிலும் இடையூறையோ ஏற்படுத்தியிருக்க வேண்டும் என்று ஐசிடி-10 கேட்கிறது. "சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வந்தாலே பயம் பிடிச்சுக்குது" என்பது அந்த அடையாளம். டிவி முன்னால் நாற்காலியில் கண்ணயர்பவர், படுக்கையில் தலை வைத்ததும் முழு விழிப்படைவதும் அப்படியே. மாறாக, ஐந்து மணி நேரமே தூங்கி, அதைப் பற்றிய கவலையோ பகல் இடையூறோ இல்லாதவருக்கு நோய் இல்லை. தூக்கம் குறைவாகத் தேவைப்படும் மனிதர் அவர்.

தூக்கமின்மையின் வரலாற்றை எழுத, ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் தந்த மூன்றடுக்கு மாதிரி இன்றும் கைகொடுக்கிறது: முன்பே இருந்த இயல்பு, தூண்டிய நிகழ்வு, நீடிக்கச் செய்யும் பழக்கம். புதியவர்கள் இரண்டாவதில் நின்றுவிடுகிறார்கள். "மாமியார் இறந்ததிலிருந்து" என்று எழுதி முடித்தால், மாமியார் இறந்து இரண்டு வருடம் ஆகியும் ஏன் நீடிக்கிறது என்பதற்கு விடையில்லை. இரவு ஒன்பதுக்கே படுப்பது, விடுமுறையில் பத்து மணி வரை படுத்திருப்பது, படுக்கையில் கைபேசி, இடையிடையே பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரை போன்ற மூன்றாம் வகைச் செய்திகளே சிகிச்சைக்குக் கைப்பிடி.

இரவு முழுதும் கண்ணே மூடவில்லை என்று உறுதியாகச் சொல்பவர் நன்றாகத் தூங்கியதாக வீட்டார் சொல்வதுண்டு. தூக்கத்தைத் தூக்கமாக உணராத அந்த நிலையும் ஒரு கோளாறுதான். அங்கே "பொய்", "மிகைப்படுத்துகிறார்" என்ற சொற்களைக் கேஸ் ஷீட்டில் எழுதக்கூடாது. இருவர் கூற்றையும் அருகருகே எழுதினால் போதும்.

மிகைத் தூக்கத்தில் எஃப்51.1 எழுதும் முன் முதல் கேள்வி, போதிய அளவு தூங்குகிறாரா என்பதுதான். இரவு ஒரு மணிவரை படித்து ஐந்துக்கு எழும் மாணவர் பகலில் தூங்கி விழுவதில் வியப்பில்லை. அடுத்து, சிரிக்கும்போதோ கோபத்திலோ முழங்கால் துவண்டு விழப்போகிறாரா என்று கேளுங்கள். தூங்கும் தறுவாயில் உருவங்கள் தெரிகின்றனவா, உடலை அசைக்க முடியாமல் போகிறதா என்றும் கேளுங்கள். கடைசியில் சொன்னதை நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பலருக்குப் புரியும். அது தனியாக எப்போதாவது வந்துபோவது பெரும்பாலும் கேடற்றது. பகல் தூக்கத்தோடும் கால் துவளலோடும் சேர்ந்தால் நார்கோலெப்சியை நினைக்க வேண்டும், அது ஜி47.4. எஃப்51.2இல் பிரச்சினை தூக்கத்தின் அளவில் அன்று, நேரத்தில். இரவுப்பணி அழைப்பு மையத்திலும் மாறும் ஷிஃப்ட் உள்ள ஆலையிலும் இருப்பவர்களுக்குப் பணி அட்டவணையையே கேஸ் ஷீட்டில் படியெடுத்து வைப்பது சிறந்த சான்று.

தூக்கத்தில் நிகழும் மூன்றையும் பிரித்தறிய இரவின் எந்தப் பகுதி என்பதே முதல் தடயம். நடத்தலும் அலறலும் பெரும்பாலும் தூக்கத்தின் முதல் மூன்றிலொரு பகுதியில் வருகின்றன. கூப்பிட்டால் பதில் இல்லை, எழுப்புவது கடினம், காலையில் நினைவு ஏறக்குறைய இல்லை. அலறும் பிள்ளை வேர்த்து, இதயம் படபடக்க, வெறித்த பார்வையோடு ஒன்று முதல் பத்து நிமிடம் இருந்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். மறுநாள் பயந்துபோய் மந்திரிக்க அழைத்துச் செல்பவர்கள் பெற்றோர்தான், பிள்ளைக்கு ஒன்றுமே நினைவிருக்காது. கொடுங்கனவு இரவின் பிற்பாதியில் வரும். விழித்தவுடன் தெளிவாக இருப்பார், கனவை வரிவரியாகச் சொல்வார். ஐம்பதைக் கடந்த ஒருவர் பின்னிரவில் கனவுக்கேற்பக் கை ஓங்கி, உதைத்து, மனைவியை அடித்துவிட்டால் அதைக் கொடுங்கனவு என்று எழுதிவிடக்கூடாது. கார்லோஸ் ஷென்க்கும் மார்க் மஹோவால்டும் 1986இல் விவரித்த, கனவுகள் மிகும் ஆர்இஎம் கட்டத்தில் வரும் ஆர்இஎம் தூக்க நடத்தைக் கோளாறாக அது இருக்கலாம். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் வருவதற்கு அது பல ஆண்டு முன்னோடியாக இருப்பதுண்டு. ஒரே இரவில் பலமுறை, ஒவ்வொரு முறையும் அச்சுமாறாமல் ஒரே அசைவு, சில நொடிகளே என்றால் வலிப்பைத் தேடுங்கள். வயது வந்தபின் புதிதாகத் தூக்கத்தில் நடக்கத் தொடங்கியவரிடம் சோல்பிடெம் என்ற தூக்க மருந்தை எடுக்கிறாரா என்று கேட்க வேண்டும். இத்தகைய நடத்தைகளுக்காக அம்மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது. வீட்டார் கைபேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி அரைமணி நேர விவரிப்பைவிட மேல். அதைப் பார்த்ததாகவும் என்ன கண்டீர்கள் என்பதையும் எழுதிவிட்டு, மொட்டைமாடிக் கதவு, கிணறு, அடுப்பு பற்றிச் சொன்ன பாதுகாப்பு அறிவுரையையும் கீழே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: எழுதுதல்

"தூக்கமின்மை, 4 மாதம். உடல் பரிசோதனை இயல்பு. எஃப்51.0." இந்தப் பதிவில் பொய் ஏதுமில்லை, பயனும் ஏதுமில்லை. அதே நோயாளியைப் பின்வருமாறு எழுதலாம். இது எடுத்துக்காட்டுக்காக அமைத்த கற்பனைப் பதிவு.

"48 வயது ஆண், விசைத்தறித் தொழிலாளி, பகல் ஷிஃப்ட் மட்டும். 4 மாதமாக, வாரத்தில் 5 இரவு, படுத்தபின் தூக்கம் வர 90 முதல் 120 நிமிடம். தொடக்கத்தில் மகளின் அறுவைச் சிகிச்சை. அவர் நலமாகி 3 மாதம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லை. மாலை 5 மணி முதல் 'இன்னிக்கும் தூங்காம போயிடுமோ' என்ற பயம். வேலையில் இருமுறை கவனம் தவறியது. குறட்டை, மூச்சு நிற்றல், கால் உதறல் இல்லை (மனைவி கூற்று). கால் உளைச்சல் இல்லை. காபி காலை ஒன்று, மாலை 6.30க்கு ஒன்று. மது இல்லை; பீடி நாளுக்கு 5. வேறு மருந்து இல்லை. அட்டை எதுவும் கொண்டுவரவில்லை. மனச்சோர்வு, மனவெழுச்சி, பதற்றக் கோளாறுக்கான அறிகுறித் தொகுப்பு இல்லை. தற்கொலை எண்ணம் கேட்கப்பட்டது, இல்லை. இரத்த அழுத்தம் 128/80, கழுத்து 37 செ.மீ. டிஎஸ்ஹெச் இயல்பு. 14 நாள் நாட்குறிப்பில் சராசரித் தூக்கத் திறன் 54 சதவீதம். தீவிரக் குறியீடு 19, எப்வொர்த் 6. நோயறிதல்: உடற்காரணமற்ற தூக்கமின்மை, எஃப்51.0 (ஐசிடி-10). நீடிக்கச் செய்பவை: 9 மணிக்கே படுப்பது, மாலைக் காபி, பீடி."

இதை எழுத ஐந்து நிமிடம் கூடுதலாகும். அடுத்த மருத்துவர் இதைப் படித்து உங்கள் முடிவோடு முரண்படவும் முடியும், அதுவே நல்ல பதிவின் இலக்கணம். கேட்டு இல்லையென்று அறிந்ததை "இல்லை" என்றும், கேட்காததை "கேட்கப்படவில்லை" என்றும் பிரித்து எழுதுங்கள். நாட்குறிப்பு வருவதற்கு முன் முதல் நாளிலேயே எண் எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால், "தற்காலிகம்" என்று சேர்த்து, எப்போது உறுதிசெய்யப்படும் என்ற தேதியையும் எழுத வேண்டும்.

மனச்சோர்வும் தூக்கமின்மையும் சேர்ந்திருக்கும்போது ஒன்றா இரண்டா என்ற கேள்வி எப்போதும் எழும். தூக்கக் கோளாறு முதன்மைப் புகார்களுள் ஒன்றாக இருந்து, தனி நிலையாகவே நோயாளியால் உணரப்பட்டால், மற்ற நோயறிதலோடு சேர்த்து எஃப்51 எண்ணையும் எழுதலாம் என்று ஐசிடி-10 வழிகாட்டுகிறது. ஐயம் வந்தால் இரண்டையும் எழுதுவதே என் வழக்கம். மனச்சோர்வு தணிந்தபின் எஞ்சும் தூக்கமின்மையை யாரும் மறந்துவிடாமல் இருக்க அது உதவுகிறது.

சட்டம் சார்ந்து மூன்று செய்திகளை மனத்தில் வையுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மனநோயைத் தீர்மானிக்கும் ஏற்கப்பட்ட தரங்களுள் உலக சுகாதார நிறுவனப் பகுப்பின் அண்மைப் பதிப்பைக் குறிப்பிடுகிறது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியம் காக்கும் உரிமையையும் 25ஆம் பிரிவு நோயாளி தன் பதிவைப் பெறும் உரிமையையும் தருகின்றன. ஆகவே நோயாளியே படித்தால் புண்படாத மொழியில் எழுதுங்கள், அலுவலகத்துக்குத் தரும் விடுப்புச் சான்றிதழில் தேவைக்கு மேல் எதையும் எழுதாதீர்கள். அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை இந்திய மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ளவை. மருந்துக்கடைக்காரர் அவற்றின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். எத்தனை மாத்திரை, எத்தனை நாளுக்கு, எந்தத் தேதியில் குறைக்கத் தொடங்குவது என்பவற்றை முதல் சீட்டிலேயே எழுதிவிட்டால், "அதே மருந்து தொடரவும்" என்ற வரி வருடக்கணக்கில் நீள்வதைத் தடுக்கலாம். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே. மாத்திரை எழுதினால் அந்தச் சிகிச்சை ஏன் முதலில் தரப்படவில்லை என்பதற்கும் ஒரு வரி இருக்கட்டும். பகல் தூக்கம் உள்ளவர் வாகனம் ஓட்டுபவராகவோ இயந்திரத்தில் நிற்பவராகவோ இருந்தால், ஓட்ட வேண்டாம் என்று அறிவுறுத்தியதைத் தேதியோடு பதிந்து, உடன் வந்தவரிடமும் சொல்லப்பட்டதா என்று குறியுங்கள்.

நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி வரும்போது, புதிய நாட்குறிப்பின் தூக்கத் திறனையும் தீவிரக் குறியீட்டையும் பழையவற்றுக்கு நேரே எழுதுங்கள். நடத்தைச் சிகிச்சையை ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை, அல்லது பகல் தூக்கம் புதிதாகத் தலைகாட்டுகிறது, அல்லது எடை கூடிக் குறட்டை தொடங்கியிருக்கிறது என்றால், எஃப்51 என்ற முடிவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டும். எண்ணை மாற்றினால் பழையதை அடித்து மறைக்காமல், ஒற்றைக் கோடிட்டு, புதிய எண், மாற்றிய காரணம், தேதி, கையொப்பம் ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதுங்கள்.